பாய் கையெழுத்துப் போடும் முன்

கதிர்,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நீ முதலில் சலீம் பாயிடம்தான் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். தாராளமாகக் காட்டு. அவர் படிக்கட்டும், கடைக்கு வரும் லோரிக்காரர்களும் படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. பிரிஞ்சாங்கில் அவர் கடை மாடியில் நீ படுத்திருக்கிறாய், நான் எஸ்டேட் லயத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் அரை மணி நேர ரோடு. அதற்குக் கடிதமா என்று கேட்பாய். நேரில் பேசினால் நான் மூன்றாவது வாக்கியத்தில் சத்தம் போடுவேன், நீ நான்காவது வாக்கியத்தில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாய். நம் பழக்கம் அது. எழுதும்போது நான் கொஞ்சம் நல்ல மனிதன்.

வரும் வியாழக்கிழமை ஈப்போவில், நோட்டீஸ் அனுப்பிய அந்த வரைபடக் கம்பெனியின் வக்கீல் முன்னால், "எல்லாவற்றையும் நான்தான் செய்தேன், என் கடையில் வேலை செய்யும் பையனுக்கு ஒன்றும் தெரியாது" என்று பாய் கையெழுத்துப் போடப் போகிறாராம். நீ வாயைத் திறக்காமல் இருந்தால் அடுத்த மாதம் கோலாலம்பூரில் கிடைத்திருக்கும் வேலைக்கு நிம்மதியாகப் போய்விடலாமாம். நீயும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்று உன் அம்மா சொன்னாள். நான் வேண்டாம் என்கிறேன். அவர் போடக் கூடாது. காரணத்தைக் கேட்டால் நியாயம், தர்மம், நேர்மை என்று நாலு வார்த்தை எழுதலாம். எழுதியும் பார்த்தேன். பக்கத்தில் நின்று படித்த உன் அம்மா சிரித்தாள். "ஆடு நனையுதேன்னு ஓநா அழுவுது பாரு" என்றாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். காரணம் பொறாமை. வேறு பெயர் வைத்தால் பொய்.

எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். நீ கணினிப் படிப்பை முடித்துவிட்டு அவர் கடையில் சேர்ந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். போன் பழுது பார்ப்பாய், லோரிகளுக்கு வழிகாட்டிக் கருவி பூட்டிக் கொடுப்பாய், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பாய் என்று நினைத்தேன். பிறகு சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, "பசிக்கல, பாய் வீட்ல சாப்ட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தாய். உன் அம்மா வைத்த மீன் குழம்பு அடுப்பிலேயே ஆறும். நோன்பு மாதம் வந்தால் கஞ்சிக்குச் சட்டி தூக்கிக்கொண்டு நீதான் முதல் ஆள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் கடைக்குப் போன் செய்தேன். நீ எடுத்து "ஒரு நிமிசம்லா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து, "அத்தா, அந்தப் பெரிய சார்ஜர எங்க வச்சீங்க?" என்று கத்தினாய். அவருடைய பெண்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடையில் எல்லோரும் விளையாட்டுக்கு அப்படிச் சொல்வோம் என்று நீ பிறகு விளக்கினாய். விளையாட்டாக இருக்கட்டும். எதற்குக் கூப்பிட்டேன் என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பாய் நல்லவர். உன் தலையில் கை வைத்து நான் ஆசீர்வாதம் செய்வதற்குள் அவர் உனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்திருப்பார். நல்லவர்மேல் பொறாமைப்படுவது மிகவும் களைப்பான வேலை, கதிர். ஒரு குறையும் கிடைக்காது.

எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டி ஓய்வு பெற்று, திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்ட நான் சேர்ந்தபோது ஒரு வழிகாட்டிக் கருவியைக் கொண்டுவந்து என் லோரிக் கண்ணாடியில் நீயே ஒட்டிக் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "வச்சிக்கோங்கப்பா, சும்மா எரியட்டும், அணைக்காதீங்க" என்றாய். முப்பது வருடமாக இந்த மலையில் ஓட்டுகிறவனுக்கு வழி சொல்ல ஒரு பெட்டியா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவு பெருமை. சாயாக்கடையில் நிறுத்திய ஒவ்வொருவரையும் கூட்டிவந்து காட்டினேன். "மகன் வாங்கிக் குடுத்தது" என்றேன். மழை வந்தால் அதன்மேல் துண்டு போட்டு மூடுவேன்.

ஒரு வருடம் கழித்து, வாய் தவறி, பாயே சொன்னார். "ஒங்க லோரிலேருந்துதாண்ணே எங்களுக்கு எல்லா ரோடும் கெடச்சிச்சு. நாந்தான் கதிர்கிட்ட சொன்னேன், அப்பாவுக்கு ஒண்ணு பூட்டிவிடுப்பா, அவரு போவாத எடமே இல்லன்னு." நான் போன தடத்தை எல்லாம் அந்தப் பெட்டி பதிந்து வைத்திருக்கிறது. வாரக் கடைசியில் நீ வந்து எண்ணெய் பார்க்கிற மாதிரி குனிந்து அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். எனக்குக் கிடைத்த ஒரே பரிசு, அவருடைய யோசனை. அன்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

நீ ஏன் அந்த வேலையைச் செய்தாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. கம்பெனிக்காரன் விற்ற வரைபடத்தில் நம் மலை பாதிதான் இருந்தது. கோலா தெர்லாவில் தோட்டத்துக்கு ஏறும் மண் பாதையைப் பெரிய ரோடு என்று காட்டும். அதை நம்பி ஏறிய லோரி திரும்ப இடமில்லாமல் முட்டைக்கோசோடு நடுச்சரிவில் நிற்கும். நீ ஒரு வரைபடத்தை முறையாக விலை கொடுத்து வாங்கினாய். பிரதி எடுக்க விடாமல் கம்பெனி போட்டிருந்த பூட்டை உடைத்தாய். உள்ளே என் தடங்களைச் சேர்த்தாய். சேர்த்ததைப் பிரதி எடுத்து, கேட்ட லோரிக்கெல்லாம் போட்டுக் கொடுத்தாய். லோரிக்காரர்கள் உன்னைக் கொண்டாடினார்கள். இல்லை, பாய் கடையைக் கொண்டாடினார்கள்.

மாட்டிய விதம்தான் வேடிக்கை. ஒரு லோரிக்காரரின் கருவி அடிக்கடி நின்று போகிறது என்று, உன்னிடம் கொண்டு வராமல், ஈப்போவில் கம்பெனியின் சொந்தப் பழுது நிலையத்துக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே இருந்தவர் திறந்து பார்த்தால் வரைபடத்தில் 'மாடு கட்டுற மேடு', 'பழைய ஆயா கொட்டாய்', 'லோரி படுத்த எடம்'. உலகத்தில் எந்தக் கம்பெனி ஒரு ரோட்டுக்கு லோரி படுத்த எடம் என்று பெயர் வைக்கும்? அதை வேறு கருவிக்குள் வழி சொல்லும் அந்த வெள்ளைக்காரப் பெண் குரல் நாக்கை மடக்கி மடக்கிப் படித்திருக்கிறது. எந்தக் கள்ளனும் எடுத்த பொருளின்மேல் தன் ஊர்ப்பேச்சை எழுதி வைக்கமாட்டான். நம் ஆட்கள்தான் எழுதுவோம். இந்த மலையில் பலகையில் இருக்கும் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டதில்லை, உனக்கு வேறு பெயர் தெரியாது.

பாய் கடைக்கு நோட்டீஸ் வந்த பிறகு நானும் என் லோரிக் கருவியில் தேடிப் பார்த்தேன். என்ன தேடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னைத் தேடினேன். பிரிஞ்சாங் சந்தைக்குத் திரும்பும் இடத்தில் 'சலீம் பாய் முக்கு' என்று அழகாக இருந்தது. அவருக்கு ஒரு முக்கு. என் பெயர் எங்கும் இல்லை. என்னுடையது என்று இருந்தது அந்த லோரி படுத்த இடம் ஒன்றுதான். கொழுந்து மூட்டையோடு என் லோரி கால்வாயில் சாய்ந்த இடம். எஸ்டேட் துரை வந்து எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டிய இடம். அவருக்குப் பெயர், எனக்கு மானக்கேடு என்று உன் அம்மாவிடம் குமுறினேன். அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு லோரில யாரு இருந்தா?" என்றாள்.

நீதான் இருந்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்தவனை ஏற்றிக்கொண்டு வந்தேன். சாய்ந்தபோது ஒரு கையால் உன் சட்டைக் காலரைப் பிடித்து மேல் பக்கக் கதவு வழியாகத் தூக்கி வெளியே போட்டேன். நீ அழவில்லை, "திரும்ப ஒருக்கா சாய்ங்கப்பா" என்று கேட்டாய். துரை திட்டியதை மட்டும் இத்தனை வருடம் ஞாபகம் வைத்திருந்தவன் நான். கோபம் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை, முக்கு முக்குதான்.

சென்ற வாரம் உனக்குச் சொல்லாமல் ஈப்போவுக்குப் போனேன். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதிய நம் பழைய கிராணியின் மகள் அங்கே வக்கீலாக இருக்கிறாள். நோட்டீசின் நகலைப் படித்துவிட்டு, "அங்கிள், ஒங்க மகன் வாங்குனது வரைபடத்த இல்ல. அத ஒரு மெசின்ல வச்சுப் பாத்துக்கிற அனுமதியத்தான் வாங்குனாரு" என்றாள். கெட்டுப் போனால் இருக்கட்டும் என்று தனக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது வேறு, ஊருக்கே போட்டுக் கொடுப்பது வேறு என்றாள். நான் விடவில்லை. "அவன் கெடுக்கலியேம்மா, நல்லாத்தானே ஆக்கியிருக்கான்" என்றேன். "நல்லதா மாத்துறதுக்கும் சொந்தக்காரங்கதான் அனுமதி குடுக்கணும், அங்கிள். பூட்ட ஒடச்சது தனி வம்பு" என்றாள்.

எனக்குச் சட்டென்று லயத்து வீடுதான் ஞாபகம் வந்தது. இந்த வீட்டில் என் அப்பா இருந்தார், நான் இருந்தேன், நீ பிறந்தாய். சாவி நம் கையில்தான். ஆனால் உறவுக்காரர் வந்து தங்கக்கூட ஆபீசில் கேட்க வேண்டும். அப்பா ஒரு முறை யாரையும் கேட்காமல் பின்பக்கம் தகரம் இறக்கிக் குசினியைப் பெரிதாக்கினார். மழை ஒழுகாத, நல்ல குசினி. துரை வந்து பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிரிக்கச் சொன்னார். இன்றைக்கும் உன் அம்மா தொழிற்சாலை வேலையில் இருப்பதால்தான் நாம் இங்கே இருக்கிறோம், அவள் நின்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். குடியிருக்கிற உரிமை வேறு, வீடு வேறு என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? நோட்டீசை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

ஆனால் கிராணி மகள் இன்னொன்று கேட்டாள். "அந்தப் புது ரோடெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?" நான் ஓட்டியதில் பதிந்தது என்றேன். "அப்ப அந்தத் தடம் அவங்களோடது இல்ல. ரோடு எந்தப் பக்கம் போவுதுங்கிறது யாருக்கும் சொந்தமில்ல. நீங்க ஓட்டிப் பதிஞ்சத தனியா பிரிச்சு எடுத்தா யாரும் கேக்க முடியாதுன்னு நான் வாதாடலாம். அவங்க கோப்புக்குள்ள கொண்டுபோயி வச்சதுதான் தப்பு" என்றாள். கதிர், நான் அந்த ஆபீஸ் படியில் ஏறும்போது குனிந்து ஏறினேன், இறங்கும்போது நிமிர்ந்து இறங்கினேன். நீயும் பாயும் சேர்ந்து செய்த அத்தனையிலும் சட்டத்துக்கு உட்பட்டது என் பங்கு மட்டும்தான்! வரும் வழியெல்லாம் விசில் அடித்துக்கொண்டே ஓட்டினேன். உனக்கு வழக்கு வந்திருக்கும் நேரத்தில் ஒரு தகப்பன் விசில் அடிக்கலாமா என்று கேட்காதே. அடித்தேன்.

பாய் கையெழுத்துப் போடுவது பற்றியும் கேட்டேன். "செய்யாதத செஞ்சேன்னு எழுதிக் குடுத்தா அது புதுசா ஒரு பொய். எப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு கேள்வி கேட்டாலே முடிஞ்சிச்சு" என்றாள். செய்தவர் வந்து உள்ளதைச் சொல்லி, போட்டுக் கொடுத்ததையெல்லாம் அழித்து, இனிமேல் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தால் பேசி முடிக்க வழி உண்டு, உறுதி சொல்ல முடியாது, ஆனால் வழி உண்டு என்றாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பாய் நம் வீட்டுக்கு வந்தார். நீ அனுப்பவில்லை என்று சத்தியம் செய்தார். முர்தபா ரொட்டிப் பொட்டலத்தை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்து பேனாவையும் தாளையும் எடுத்தார். "அண்ணே, ரெண்டாம் நம்பர் மலையிலேருந்து திரிங்காப்புக்கு எறங்குற பாதை எதுன்னு கொஞ்சம் சொல்லுங்க. வக்கீல் கேட்டா நான் முழிக்கக் கூடாதுல்ல" என்றார். நாளைக்குப் பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். உன் இடத்தில் நின்று பொய் சொல்ல என் ரோட்டை என்னிடமே பாடம் கேட்கிறார்!

"சொல்ல முடியாது பாய்" என்றேன். "அது என் ரோடு. அவன் என் மகன்."

"ஒங்க மகந்தாண்ணே. யாரு இல்லன்னா? நீங்க மொறைக்கிற மொறையில நான் எத்தன தடவ அவன சீக்கிரம் வூட்டுக்குப் போடான்னு தொரத்தியிருக்கேன் தெரியுமா?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "வேலை போயிடும்ண்ணே. சின்ன வயசு. எனக்கு என்னா, கடைய மூடிட்டு மக வூட்ல போயி ஒக்காந்துக்குவேன்லா."

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? இவர் முந்திக்கொண்டாரே என்று தோன்றியது. உனக்காகக் கடையை மூடுவேன் என்று சொல்ல இவருக்கு ஒரு கடை இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது, மூட? இவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் நீ பெண்டாட்டி கட்டினாலும் பிள்ளை பெற்றாலும் அவரைத்தான் முதலில் நினைப்பாய். நான் அதற்குப் பிறகு என்ன செய்தாலும் இரண்டாவதுதான். அதனால்தான் சொல்கிறேன், போட விடாதே. என் காரணம் மட்டமானது. அதற்காகச் சொல்வது தப்பாகிவிடாது. உனக்காக ஒருவர் பொய்யில் கையெழுத்துப் போட்டால் கோலாலம்பூரில் நீ எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தத் தாள் உனக்குக் கீழே இருக்கும். அது பாய் போட்டதாக இருந்தாலும் சரி, நான் போட்டதாக இருந்தாலும் சரி. நானும் போடத் தயாராகத்தான் இருந்தேன், கிராணி மகளிடம் கேட்டேன், வேண்டவே வேண்டாம் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆகவே நீ போ. உன் பெயரைச் சொல். பூட்டை உடைத்தேன், மாற்றினேன், பிரதி போட்டுக் கொடுத்தேன் என்று சொல். லோரிகள் சரிவில் நின்றதையும் சொல், ஆனால் அதைச் சாக்காகச் சொல்லாதே. எந்தெந்த லோரியில் இருக்கிறதோ அவர்களிடம் நாமே போய் அழித்துவிட்டு வரலாம், திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன். புது வேலை கொடுப்பவர்களிடமும் அவர்கள் காதுக்கு வேறு வழியாகப் போகும் முன் நீயே சொல்லிவிடு. சொன்னால் அவர்கள் வேலை இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கும், நீ மலையிலேயே இருப்பாய் என்று. அதையும் எழுதிவிட்டேன், நாளைக்கு நீ கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டாம். ஆனால் கிடைத்தால் போய்விடு. நான் கூப்பிட்டாலும் திரும்பி வராதே. தடங்களைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள், அவை என்னுடையவை, உனக்குத் தருகிறேன். யாருக்கு வேண்டுமானாலும் சும்மா கொடு. எந்த ரோட்டுக்கும் என் பெயர் வேண்டாம்.

வியாழக்கிழமை விடிந்ததும் காரோடு வந்து பிரிஞ்சாங்கில் நிற்பேன். பாயும் வருகிறார், கடைக்காரர் என்ற முறையில் அவரும் வந்தாக வேண்டுமாம். அவரைப் பின்னால் தள்ளிவிட்டு உன்னை முன்னால் என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் திட்டம் போட்டிருந்தேன். உன் அம்மா இப்போதுதான் சொல்கிறாள், பின்னால் உட்கார்ந்தால் வளைவில் பாய்க்கு வாந்தி வந்துவிடுமாம். மலை இறங்கி சிம்பாங் பூலாய் போய்ச் சேரும்வரை வளைவுதான். சரி, முன் சீட்டை அவரே எடுத்துக்கொள்ளட்டும். நீ பின்னால் நடுவில் உட்கார். பக்கத்தில் இருந்தால் ரோட்டைப் பார்க்கிறவனுக்கு உன் தோள்தான் தெரியும். பின்னால் இருந்தால் ஈப்போ வரைக்கும் கண்ணாடியில் உன் முகம் தெரியும்.

அப்பா